கலிங்கு இல்லாத கரையை வெட்டி விடுங்க

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் எழுதுறதை ரெண்டு மூணு வருஷமா படிக்கிறவர். "அண்ணே, வில்பட்டிப் பக்கம் ஒரு இடம் விலைக்கு வருது. ஒரு ஏக்கர். சின்னதா ஒரு வீடு, வீட்டு முன்னாடியே குட்டை. பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு. வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். போட்டோவும் அனுப்பினார்.

நான் வீட்டைப் பார்க்கவில்லை. குட்டையோட கரையைத்தான் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே செம்மண் கரை. புல்லு கூட இன்னும் பிடிக்கல. செங்குத்தா நிக்குது. கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் தண்ணி தளும்புது. கலிங்கு எங்கே என்று தேடினேன். இல்லை.

"கரைக்குக் கீழ என்ன இருக்குன்னு கேட்டீங்களா தம்பி?"

"கீழயா? படிப்படியா தோட்டம் இருக்காம்ணே. அதான் வ்யூவே."

அந்த வ்யூவுலதான் தம்பி நாங்க குடியிருக்கோம்.

போன்ல சொன்னது பத்தலை. அவருக்கு மட்டும் சொல்லியும் பத்தாது. அதனால இங்கே எல்லாருக்கும் எழுதுறேன். கோபமா எழுதுறேன்னு தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எங்க ஊரு கொடைக்கானல் டவுனுக்கு வடக்கே சரிவுல இருக்கு. எங்க ஓடைத் தண்ணியெல்லாம் வடக்கே இறங்கி பழனிப் பக்கம் போகுது. சமதரைன்னு இங்கே எதுவும் கிடையாது. மலையைப் படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்கட்டு வைத்து, மண்ணைப் பிடித்து வைத்துத்தான் கேரட்டும் பீன்ஸும் உருளையும் பூண்டும் போடுகிறோம். எனக்கு ஒண்ணே முக்கால் ஏக்கர். பதினாலு படி. அதுல கீழ் எட்டுப் படிக்குக் கல் அடுக்கினது எங்க தாத்தா. மேல் ஆறு படி எங்க அப்பா. நான் ஒரு படி கூடப் புதுசா கட்டினதில்லை. சரிஞ்ச கல்லை எடுத்து வைக்கவே எனக்கு ஆயுசு சரியா இருந்தது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு மேலே இருந்த நிலம் கைமாறியது. வாங்கினவர் வெளியூர்க்காரர். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கெட்ட மனுஷன்னும் சொல்ல மாட்டேன். எங்க மலையில பெரிய மண் மெஷின் ஓட்டுறதுக்கு அனுமதி வேணும். அனுமதி இருந்ததோ இல்லையோ, ராத்திரியில மெஷின் வந்தது. நாலு ராத்திரி. ஓடையோட ரெண்டு கரையிலும் இருந்த மண்ணை வழிச்சு நடுவுல தள்ளி, மேலேயே மெஷினை நாலு தடவை ஓட்டிட்டு, கரை ஆச்சுன்னு போயிட்டாங்க. தண்ணி வெளியே போக ஒரு ஆறு இஞ்சு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான்.

இதுல என் தப்பையும் சொல்லிடணும். இல்லைன்னா இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை. மாசி பங்குனியில எங்க ஓடை நூலா இழுக்கும். அந்த வருஷம் அவர் கூப்பிட்டு, "குட்டையில தண்ணி நிறைய இருக்கு, ஓஸ் போட்டு எடுத்துக்கங்க"ன்னு சொன்னார். நானும் ஓஸ் போட்டேன். ரெண்டு மாசம் அந்தத் தண்ணியிலதான் என் பீன்ஸ் தப்பிச்சது. நல்ல விலையும் கிடைச்சது. கரையைப் பார்க்கிறப்பெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஆனா வாயைத் திறக்கலை. தண்ணி குடிச்ச வாய் எப்படித் திறக்கும்?

கார்த்திகையில உடைஞ்சது. ரெண்டு நாள் விடாத மழை. ராத்திரி பதினோரு மணி இருக்கும். லோடு லாரியில இருந்து கல்லைக் கொட்டுற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரு வாடை. பச்சை மண் வாடை. அந்த வாடையை மலையில இருக்கிறவன் மறக்க மாட்டான். எல்லாம் கால் மணி நேரம் கூட இல்லை. விடிஞ்சு போய்ப் பார்த்தா, பதினாலு படியில அஞ்சு படி இல்லை. பூண்டு ஒரு சாண் முளைச்சு நின்ன இடத்துல பாறை தெரியுது. பூண்டு சீசன்ல காட்டுமாடு வராம இருக்க என் மச்சான் தோட்டத்துக் குடிசையிலதான் படுப்பார். அன்னைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்கு வந்துட்டார். குடிசை இல்லை. மூட்டை சுமக்கிற குதிரையைக் குடிசை ஓரமாக் கட்டியிருந்தது. ரெண்டு நாள் கழிச்சு ரொம்பக் கீழே கிடைச்சது.

அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. மழை. பார்வையிட வந்தவங்க மழைன்னாங்க. மேல் நிலத்துக்காரர் "என்ன செய்யறது, மழை"ன்னார். ஊர்ல சில பேரும் மழைன்னாங்க. ஐயா, நான் இந்த மலையில அம்பது வருஷத்துக்கு மேல மழையைப் பார்த்தவன். 2018 நவம்பர்ல கஜா புயல் கரையைக் கடந்து எங்க மலை மேலயும் ஏறி வந்தது. மரம் எத்தனை சாஞ்சதுன்னு கணக்கில்லை, மண் சரிஞ்சது, ரோடு போச்சு. அப்பவும் என் கல்கட்டு நின்னது. மழை அடிச்சா பூண்டு அழுகும், ஒரு கல் ரெண்டு கல் சரியும். அஞ்சு கல்கட்டு கால் மணி நேரத்துல போகாது. அது போகணும்னா யாராவது தண்ணியைச் சேர்த்து வச்சு, மொத்தமா அவுத்து விட்டாத்தான் போகும்.

கரை உடைஞ்சா யார் மேலயாவது பழி போடுறது புதுசில்லை. மகாராஷ்டிராவுல ரத்னகிரி மாவட்டத்துல திவரேன்னு ஒரு ஊரு. அங்கே ஒரு சின்ன மண் அணை. 2019 ஜூலை 2ஆம் தேதி ராத்திரி உடைஞ்சு கீழே இருந்த வீடுகளை அடிச்சுட்டுப் போச்சு. இருபது பேர் வரைக்கும் செத்தாங்க. கரையில தண்ணி கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்போ அந்தத் துறைக்கு அமைச்சரா இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? நண்டு கரையைத் துளைச்சிருச்சுன்னார். நண்டு துளைக்கும்தான். எலியும் துளைக்கும். மரத்து வேர் காய்ஞ்சு போனா அந்தப் பொந்து வழியாவும் தண்ணி போகும். அதுக்குத்தானே கரையைப் பார்க்க ஆள் வேணும்ங்கிறது? நண்டு மேல கேஸ் போட முடியாதுங்கிறதால நண்டைச் சொன்னாங்க. எங்க ஊர்ல நண்டு கம்மி. அதனால மழையைச் சொல்றாங்க.

மண் கரை எப்படி உடையும்னு கொஞ்சம் சொல்றேன். டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தெரிஞ்சுக்கிட்டா பாதிப் பேர் குட்டை வச்ச வீட்டைத் தேட மாட்டீங்க.

கான்கிரீட் சுவர் மேல தண்ணி வழிஞ்சு போகலாம். சுவர் நிக்கும். மண் கரை மேல வழியவே கூடாது. ஒரு விரக்கடை உசரத்துக்கு வழிஞ்சாலும் போதும். முதல்ல கரையோட வெளிப்பக்கச் சரிவுல ஒரு வாய்க்கால் விழும். அந்த வாய்க்கால் மேல மேல அறுத்துக்கிட்டே கரையோட தலைக்கு வரும். தலை இறங்க இறங்க இன்னும் அதிகத் தண்ணி வரும். அதிகத் தண்ணி வர வர இன்னும் வேகமா அறுக்கும். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. இது ஒண்ணு. ரெண்டாவது, உள்ளுக்குள்ள கசிவு. சரியா மிதிக்காத மண்ணுல, அதுவும் குழாய் போட்ட இடத்துல குழாயை ஒட்டி, தண்ணி சன்னமா வழி பிடிக்கும். தெளிஞ்ச தண்ணியா கசிஞ்சா கவனிச்சுட்டே இருக்கலாம். கலங்கலா வந்தா உள்ளே இருந்து மண்ணை எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். கீழே இருக்கிறவன் அப்பவே ஓடணும்.

இதனாலதான் பழைய ஆளுங்க கரை போட்டா, முதல்ல புல்லையும் வேரையும் சுத்தமா எடுத்துட்டு, நடுவுல பள்ளம் பறிச்சு, களிமண்ணை இறக்கி, ஒரு சாண் ஒரு சாணா மண்ணைப் போட்டு, தண்ணி தெளிச்சு, மாட்டை விட்டு மிதிக்க வச்சாங்க. பத்தடி உசரக் கரைன்னா அடியில நாப்பது, அம்பது அடி அகலம் வச்சாங்க. எல்லாத்துக்கும் மேல, கரையைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடியே கலிங்குக்கு இடம் பார்த்தாங்க. குளம் நிறைஞ்சா, மிச்சத் தண்ணி கரையைத் தொடாம ஓரமா வழிஞ்சு போக, கல்லுலயோ பாறையிலயோ அமைச்சு வைக்கிற அகலமான வழிதான் கலிங்கு. தமிழ்நாட்டுல 39,000க்கும் மேல ஏரி குளம் இருக்குன்னு அரசாங்கக் கணக்கு. அந்தப் பழைய ஏரியில எதை வேணா போய்ப் பாருங்க. கலிங்கு இருக்கும். கலிங்கு வைக்காம கரை போட்டவனை அந்தக் காலத்து ஊர் கரை மேலயே நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருக்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? கொடைக்கானலுக்கு வந்தவங்க எல்லாரும் ஒரு கலிங்குத் தண்ணியைப் பார்த்திருக்கீங்க. 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளை மறிச்சுக் கரை போட்டதுதான் நீங்க போட்டிங் போற ஏரி. 160 வருஷம் தாண்டி நிக்குது. அந்த ஏரியில மிஞ்சி வழியிற தண்ணிதான் மலை ரோட்டுல நீங்க காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி. 180 அடி. வழியிற தண்ணிக்கு வழி விட்டதாலதான் கரை இன்னைக்கும் நிக்குது. ஏரியைப் பார்த்து ஆசைப்பட்டு குட்டை கட்டுறவங்க அந்த அருவியையும் ஒரு நிமிஷம் நினைக்கணும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். கணக்குல தப்பிருந்தா சொல்லுங்க. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 40,000 லிட்டர் தண்ணி. எனக்கு மேலே அந்த ஓடைக்கு வந்து சேர்ற சரிவு நூறு ஏக்கர்னு வச்சுக்கங்க. ஒரு நாள்ல 10 சென்டிமீட்டர் பெஞ்சா நாலு கோடி லிட்டர். பாதி மண்ணுல இறங்கினாலும் மீதி ரெண்டு கோடி லிட்டர் ஓடையில வரும். குட்டை அரை ஏக்கர், பத்தடி ஆழம்னா அது பிடிக்கிறது 60 லட்சம் லிட்டர். காலியா இருந்தா வர்றதுல மூணுல ஒரு பங்கைக் கூடப் பிடிக்காது. நிறைஞ்சு இருந்தா ஒரு சொட்டு பிடிக்காது. வர்ற ரெண்டு கோடி லிட்டரும் ஆறு இஞ்சுக் குழாய் வழியா போகணும். போகுமா? போகாது. கரை மேலதான் ஏறும்.

கரை உடைஞ்சா அந்த 60 லட்சம் லிட்டர், அதாவது 6,000 டன், மொத்தமா இறங்கும். உங்க தெருவுக்கு வருதே 12,000 லிட்டர் டேங்கர் லாரி, அது ஐந்நூறு. ஐந்நூறு லாரியை வரிசையா மலை உச்சியில நிறுத்தி, ஒரே நேரத்துல பிரேக்கை எடுத்து விட்ட மாதிரி. அதுதான் எங்க வீட்டுக்கு மேல இருக்கிற "இயற்கைக் குளம்".

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வருது. "அண்ணே, குட்டை இருந்தா வெள்ளம் தடுக்கும்தானே? அதுக்குத்தானே தடுப்பணையே?" இந்த ஒரு குழப்பத்தாலதான் எல்லாமே கெடுது. அதனால நிறுத்திச் சொல்றேன். தண்ணி சேர்க்கிறது வேற, வெள்ளம் தடுக்கிறது வேற. சேர்க்கிற குட்டை நிறைஞ்சு இருக்கணும். வெள்ளம் தடுக்கிற குட்டை காலியா இருக்கணும். ஒரே குட்டை ரெண்டு வேலையும் செய்யும்னு போர்டு எழுதி வைக்கிறவன் ஒண்ணு தெரியாம எழுதுறான், இல்லைன்னா பில்லுக்காக எழுதுறான்.

சென்னைக்காரங்களுக்கு இதை நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதியை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. செம்பரம்பாக்கம் ஏரி ஏறக்குறைய நிறைஞ்சு நின்னது. அதுக்கு மேல மழை கொட்டுச்சு. வினாடிக்கு 29,000 கன அடி திறந்து விட வேண்டியதா போச்சு. அடையாறு ஊருக்குள்ள வந்தது. இது மனுஷன் உண்டாக்கின பேரழிவுன்னு இந்தியத் தணிக்கைத் துறையே பின்னாடி எழுதியது. முன்னாடியே இடம் காலி பண்ணி வச்சிருந்தா அந்த ஏரி உங்களைக் காப்பாத்தியிருக்கும். நிறைச்சு வச்சதால காப்பாத்த முடியலை. உங்க ஊர்ல நடந்ததையே எங்க மலையில சின்னதா, நூத்துக்கணக்கான இடத்துல தயார் பண்ணிட்டு இருக்காங்க. உங்க ஏரிக்குக் கலிங்கும் ஷட்டரும் ராத்திரி முழிச்சிருக்க ஆளும் இருந்தது. எங்க தலை மேல இருக்கிறதுக்கு அது எதுவுமே இல்லை.

காலியா வைக்கிற கரை எப்படி இருக்கும்னு என் மகன் ஒரு நாள் செல்லுல காட்டினான். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல டேட்டன்னு ஒரு ஊரு. 1913 மார்ச் மாசம் அங்கே பெரிய வெள்ளம். அந்தப் பகுதியில 360 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஊர் ஜனங்க காசு சேர்த்து, 1918லிருந்து 1922க்குள்ள அஞ்சு மண் அணை கட்டினாங்க. அந்த அணைக்கு ஷட்டர் கிடையாது. அடியில எப்பவும் திறந்தே இருக்கிற பெரிய துவாரம். சாதாரண நாள்ல ஆறு அது பாட்டுக்கு அது வழியா போகும். அணைக்குப் பின்னாடி குளமே கிடையாது, வயலும் புல்வெளியும்தான். வெள்ளம் வந்தா துவாரம் கொள்ற அளவுதான் கீழே போகும். மீதி பின்னாடி தேங்கி, மெல்ல மெல்ல வடியும். வடிஞ்சதும் மறுபடி காலி. நூறு வருஷம் ஆச்சு. டேட்டன் அதுக்கப்புறம் அப்படி மூழ்கலை. திறந்து விட ஆள் தூங்கிட்டானான்னு கவலையே இல்லை, ஏன்னா மூடவே இல்லை.

இதுக்கு அமெரிக்கப் படிப்பு வேணுமா? என் தோட்டத்துல மேல் படியிலிருந்து கீழ் படிக்குத் தண்ணி இறங்க எங்க அப்பா கல்கட்டுக்கு அடியில ஒரு பொந்து விட்டிருந்தார். மழை அதிகமா வந்தா படியில கொஞ்ச நேரம் தண்ணி நிக்கும், பொந்து வழியா மெதுவா இறங்கும். சின்னப் பையனா இருந்தப்போ விளையாட்டுக்கு அந்தப் பொந்தைக் கல் வச்சு அடைச்சு நான் வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் இந்தத் தடுப்பணை. ஓடை உடைஞ்சதுக்குப் பரிகாரமா இங்கே ஒரு கான்கிரீட் செக்டேம் கட்டித் தர்றதா பேச்சு நடக்குது. ஊர்லயும் பாதிப் பேருக்கு சந்தோஷம். நான் வேண்டாம்ங்கிறேன். கீழ்நாட்டுல சமதரையில செக்டேம் கட்டினா கிணத்துல தண்ணி ஊறும், மறுக்கலை. செங்குத்தா இறங்குற மலை ஓடையில ஒரு சுவர் எழுப்பினா, மேலே இருக்கிற கட்டடத்து மண்ணும் ரோட்டு மண்ணும் ரெண்டே மழையில அதை நிரப்பிடும். அப்புறம் அது வெள்ளத்தைத் தடுக்காது. நிறைஞ்ச மண்ணு மேல ஓடி வந்த தண்ணி, சுவரு விளிம்புல இருந்து குதிச்சு அடியைப் பறிக்கும். ஓரத்தைச் சுத்திப் புது வழி எடுக்கும். அந்த ஓரம் யாரோட நிலம்? என்னை மாதிரி ஒருத்தனோடது.

சட்டம் எங்கே போச்சுன்னு கேட்பீங்க. 2021ல மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. நல்ல சட்டம். ஆனா அது பார்க்கிறது 15 மீட்டர், அதாவது 50 அடி உசரத்துக்கு மேல இருக்கிற அணையை. 10 மீட்டர்லிருந்து 15 மீட்டர் வரைக்கும்னா சில நிபந்தனை. எங்க தலை மேல இருக்கிறது பத்தடி, பதினஞ்சடி. சட்டத்தோட கண்ணுக்கு அது அணையே இல்லை. ஆனா செத்துப் போன குதிரைக்கு அது அணைதான். சமதரையில பத்தடிக் கரை சின்னது. மலைச்சரிவுல, அடுத்த வீடு கூப்பிடு தூரத்துல முந்நூறு அடி கீழே இருக்கும்போது பத்தடிக் கரை சின்னதா?

சரி, கரையே வேண்டாமான்னு கேட்டா, வேணும். வெள்ளம் முன்னைக்கு இப்போ அதிகமாத்தான் வருது. முன்னாடி மலை உச்சியில புல்வெளியும் மடிப்புல சோலையும் இருந்தது. மழையைக் குடிச்சு வச்சு மெதுவா விட்டது. அதை எடுத்துட்டு பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டாங்க. இப்போ அதையும் எடுத்துட்டுக் கூரையும் ரோடும் போடுறாங்க. சிமெண்ட் ரோடு தண்ணி குடிக்காது. நாங்களும் சுத்தமில்லை. மேல் சரிவுல புல்லைச் செதுக்கி உருளை போட்டவங்க எங்க ஆளுங்கதான். அதனால மண்ணைப் பிடிக்கவும் வேகத்தைக் குறைக்கவும் சின்னச் சின்ன மண் கரை வேணும். ஆனா இப்படி வேணும்:

ஒரே பெரிய கரை வேண்டாம். ஓடை பிறக்கிற மேல் மடிப்புகள்ல, ஆள் உசரத்துக்கு மேல போகாம, பல கரை வேணும். ஒண்ணு போனாலும் அடுத்தது தாங்கணும். ஒவ்வொண்ணுக்கும் அடியில எப்பவும் திறந்த குழாய், அதைச் சுத்திக் களிமண். ஓரத்துல பாறை மேல அகலக் கலிங்கு. கரை மேல மரம் வேண்டாம், புல்லும் வெட்டிவேரும் போதும். மழை விட்டு ரெண்டு நாள்ல குட்டை காலியாகணும். கடைசியா, ஒரு ஆள்.

அந்த ஆள்தான் எல்லாத்தையும் விட முக்கியம். எங்க பக்கம் கீழ்நாட்டுல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். மடை திறக்கிறது, கரை பார்க்கிறது அவர் வேலை. ஊர் நெல்லு அளந்து குடுக்கும். உத்திரமேரூர் கல்வெட்டுல ஏரி வாரியம்னு தனிக் குழுவே இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்ச விஷயம் இது. கரை கட்டுறது ஒரு மாச வேலை, பார்க்கிறது தலைமுறை வேலை. அமெரிக்காவுலயும் கிராமத்து வெள்ளத்துக்காக 11,000க்கும் மேல சின்ன அணைகளை அரசாங்க உதவியில கட்டினாங்க. நிறைய அணைக்கு அம்பது வருஷ ஆயுசுதான் கணக்கு. கட்டினப்போ கீழே காடா கிடந்த இடத்துல இப்போ வீடு வந்தாச்சு. ரிப்பேருக்குன்னே 2000ல தனிச் சட்டம் போட்டுக் காசு தேடுறாங்க. பணக்கார நாட்டுக்கே அந்த நிலைமை. வருஷத்துல ரெண்டு வாரம் வந்துட்டுப் போற வீட்டுக்காரர் கரையை யார் பார்ப்பா? வாட்ச்மேனா? அவருக்குச் சொல்லியிருக்கிறதெல்லாம் கேட்டைப் பூட்டணும், நாய்க்குச் சோறு வைக்கணும்.

"மழைத் தண்ணியைச் சேமின்னு சொல்றாங்க, நீங்க ஓட விடச் சொல்றீங்களே, வேஸ்ட்டா போகாதா?"ன்னு சில பேர் எழுதுவீங்க. தண்ணி வேணும்னா பள்ளமா வெட்டுங்க. ஓடைக்குக் குறுக்கே மறிக்காதீங்க. ஓடையை விட்டுத் தள்ளி, கெட்டித் தரையில இறக்கி வெட்டின பண்ணைக்குட்டை நிறைஞ்சா வழியும், உடைஞ்சு வராது. ஏன்னா அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது தள்ளிக் குவிச்ச மண் இல்லை, பூமி. அப்புறம், ஓடையில போற தண்ணி வேஸ்ட்டும் இல்லை. கீழே பழனி அடிவாரத்துல அதை நம்பி நெல்லு போடுறவங்க இருக்காங்க. நாம தேக்காம விட்டாத்தான் அவங்களுக்கு.

"நீங்களும் அந்தத் தண்ணியில பீன்ஸ் எடுத்தீங்களே"ன்னும் கேட்கலாம். கேளுங்க. எடுத்தேன். அஞ்சு படி குடுத்தேன். என் அனுபவத்துல அந்தத் தண்ணி விலை ரொம்ப அதிகம்.

டவுன்ல இருக்கிறவங்ககிட்ட நான் கேட்கிறது இதுதான். மலையில இடம் வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. விக்கிறதே எங்க ஆளுங்கதான். ஆனா குட்டை இருக்கிற இடம்னா மூணு கேள்வி கேளுங்க. கரை ஓடைக்குக் குறுக்கே இருக்கா? கலிங்கு எங்கே? கரைக்குக் கீழே யார் இருக்கா? மூணுக்கும் பதில் சரியா வரலைன்னா வாங்காதீங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா ஐப்பசிக்கு முன்னாடி தண்ணியைக் குழாய் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு, கரையோட ஓரத்துல அகலமா வெட்டி விடுங்க. மொத்தமா வெட்டினா நீங்களே எங்களை அடிச்ச மாதிரி ஆயிடும். வெட்டத் தெரியலைன்னா கீழ் நிலத்துக்காரனைக் கூப்பிடுங்க. மம்பட்டியோட வருவான். கூலி கூடக் கேட்க மாட்டான்.

அதிகாரத்துல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. செக்டேமுக்கு ஒதுக்குற காசுல கால்வாசியை எடுத்து, இந்த மலையில ஓடையை மறிச்ச கரை ஒவ்வொண்ணையும் நடந்து போய் எண்ணுங்க. இ-பாஸ் போட்டு மலைக்கு எத்தனை கார் வருதுன்னு 2024லிருந்து எண்ணத் தெரியுது. தலைக்கு மேல எத்தனை குட்டை இருக்குன்னு எண்ணக் கூடாதா?

சென்னைத் தம்பி நேத்து மறுபடி கூப்பிட்டார். நான் சொன்ன மாதிரியே புரோக்கர்கிட்ட கலிங்கு எங்கேன்னு கேட்டாராம். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கலிங்குன்னா என்ன சார்? அதெல்லாம் டவுன்ல ஆள் வச்சுப் பண்ணிக்கலாம்"னு சொன்னாராம். இடத்தை விட்டுட்டார். அது வேற யாருக்காவது போகும்.

எனக்கு மேலே இருக்கிறவர் கரையைத் திரும்பக் கட்டிட்டார். இந்தத் தடவை ரெண்டடி உசரம் கூட. குழாய் அதே ஆறு இஞ்சு. நாங்க ஏழு பேர் மனு குடுத்திருக்கோம். ரசீது இருக்கு, பதில் இல்லை. போய் நேர்லயும் கேட்டேன். "இந்த வருஷம் ஸ்ட்ராங்கா கட்டியிருக்கோம்ணே, பயப்படாதீங்க"ன்னார். தண்ணி வேணும்னா ஓஸ் போட்டுக்கச் சொன்னார். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அஞ்சு படியில ரெண்டுக்குத்தான் கல் அடுக்க முடிஞ்சது. மண் இன்னும் பத்தலை. பூண்டு மேல் படிகள்ல மட்டும் போட்டிருக்கு. மச்சான் இந்த வருஷம் தோட்டத்துல படுக்க மாட்டேன்னுட்டார். குடிசையும் திரும்பக் கட்டலை. காட்டுமாடு வந்து மேஞ்சா மேஞ்சுட்டுப் போகட்டும்.